சென்ட் பாட்டிலை வெளிநாட்டுக்கு அனுப்புவது: பெட்டி, ஸ்டிக்கர், கொஞ்சம் சண்டை

கேள்வி, பிப்ரவரி 4
"மதுரையில் வீட்டிலேயே சின்ன அளவில் சென்ட் தயாரித்து விற்கிறேன். 50 மில்லி கண்ணாடி பாட்டில், ஆல்கஹால் கலந்தது. ஜெர்மனி, சிங்கப்பூர் இரண்டு பக்கமிருந்தும் ஆர்டர் வந்திருக்கிறது. பப்பிள் ராப் நன்றாகச் சுற்றி, 'ஃபிராஜைல்' ஸ்டிக்கர் ஒட்டி, 'காஸ்மெட்டிக்ஸ்' என்று எழுதி தபாலில் போட்டால் போதும் என்கிறார் நண்பர். போதுமா?"

பிப்ரவரி 4, இரவு
போதாது. உங்கள் நண்பர் சொன்னதில் பப்பிள் ராப் மட்டும்தான் சரி.

நான் மீனம்பாக்கம் பக்கம் ஒரு சரக்கு முகவர் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். இந்த வகை பெட்டி கண்ணில் படாத வாரம் கிடையாது. எல்லோரும் கண்ணாடி உடையுமோ என்றுதான் கவலைப்படுகிறார்கள். விமானக் கம்பெனி பயப்படுவது உள்ளே இருக்கும் ஆல்கஹாலுக்கு.

எத்தனாலின் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது அதன் ஆவியில் பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும் வெப்பநிலை, சுமார் 13 முதல் 17 டிகிரி செல்சியஸ். வாசனை எண்ணெயும் கொஞ்சம் தண்ணீரும் கலந்தால் சில டிகிரி ஏறும், அவ்வளவுதான். மதுரையில் மார்கழி விடியலில்கூட 17 டிகிரி இருப்பது அபூர்வம். ஆக, உங்கள் பாட்டில் வருஷம் முழுக்கத் தீப்பிடிக்கத் தயாரான நிலையில்தான் அலமாரியில் நிற்கிறது.

அதனால் சர்வதேச விதிகளில் இதற்குத் தனி எண்ணே உண்டு: யுஎன்1266, எரியும் கரைப்பான் உள்ள வாசனைப் பொருட்கள். வகுப்பு 3, எரியும் திரவம். ஃபிளாஷ் பாயிண்ட் 23 டிகிரிக்குக் கீழே என்றால் பேக்கிங் குரூப் 2 (குரூப் என்பது ஆபத்து எவ்வளவு என்று காட்டும் படி, எண் குறையக் குறைய ஆபத்து அதிகம்). 23 முதல் 60 வரை என்றால் குரூப் 3. உங்களுடையது அநேகமாக 2.

தபால்? எரியும் திரவத்தைச் சர்வதேசத் தபாலில் அனுப்பவே கூடாது. இது இந்தியாவுக்கு மட்டுமான விதி இல்லை, உலகத் தபால் ஒன்றிய விதி. பிரிட்டனில் ராயல் மெயில்கூட உள்நாட்டுக்குள் 150 மில்லிக்கு மேற்படாத பாட்டில், ஒரு பொதியில் நான்கு வரை என்று அனுமதிக்கிறது. வெளிநாட்டுக்கு என்றால் ஒன்றுகூடக் கிடையாது.

பிப்ரவரி 4, படுக்கப் போகும் முன்
'ஃபிராஜைல்' ஸ்டிக்கர் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. ஒட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அது பிரார்த்தனை. கன்வேயர் பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியாது.

பிப்ரவரி 5
கேள்வி கேட்டவர் எம்எஸ்டிஎஸ், அதாவது சரக்கின் பாதுகாப்புத் தகவல் தாள், இருக்கிறது என்கிறார். யாருடையது? சென்ட் எண்ணெய் விற்ற கம்பெனி கொடுத்தது என்றால் அது அந்த எண்ணெயின் தாள். நீங்கள் அதை ஆல்கஹாலில் கலந்ததும் அது வேறு சரக்கு. எண்ணெயின் தாளில் ஃபிளாஷ் பாயிண்ட் 90க்கு மேல் என்று இருக்கும், அதை நீட்டி "பாருங்கள், ஆபத்தில்லை" என்று வாதாடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். முடிந்த சரக்குக்கு, அதாவது பாட்டிலுக்குள் போகிற அதே கலவைக்கு, தாள் வேண்டும். 16 பகுதி இருக்கும். நாங்கள் முதலில் திருப்புவது 9ஆம் பகுதி, அங்கேதான் ஃபிளாஷ் பாயிண்ட் இருக்கும். அடுத்து 14ஆம் பகுதி, போக்குவரத்து. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் பெட்டியைத் திறக்காமலேயே திருப்பி அனுப்புவோம்.

பிப்ரவரி 5, மதியம்
இடையில் ஒருவர்: "எதுக்கு இவ்வளவு தொல்லை? அத்தர் ஆக்கிடுங்க. எண்ணெய்தானே, தபாலில் போகும்."

பாதி உண்மை. உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் தேக் என்ற செப்புக் கொப்பரையும் பப்கா என்ற சேகரிப்புக் குடமும் வைத்து வடிக்கிற மரபான அத்தரில் பூவின் ஆவி சந்தன எண்ணெயில் இறங்குகிறது, ஆல்கஹாலே கிடையாது. சந்தன எண்ணெயின் ஃபிளாஷ் பாயிண்ட் 60 டிகிரியைத் தாண்டி வெகு தூரம். அது வகுப்பு 3 ஆகாது. ஆனால் இன்று 'அத்தர்' என்ற பெயரில் கடையில் கிடைப்பதில் பாதிக்குச் சந்தனத்தின் வாடைகூடக் கிடையாது. டைபுரோபிலீன் கிளைக்கால், லிக்விட் பாரஃபின் என்று ஏதாவது இருக்கும். இவையும் எளிதில் பற்றாது, அது பரவாயில்லை. சிலர் இளக்குவதற்குக் கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்துவிடுகிறார்கள், பிரச்சினை அங்கேதான். பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது, தாளை வைத்துத்தான்.

எல்லா எண்ணெயும் சாது என்றும் நினைக்காதீர்கள். நீலகிரித் தைலத்தின் ஃபிளாஷ் பாயிண்ட் 50க்குப் பக்கம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் அதே வட்டாரம். இவை சுத்தமான எண்ணெய், ஆனாலும் வகுப்பு 3, குரூப் 3. ஊட்டியிலிருந்து தைலம் வாங்கி லண்டன் அத்தைக்குத் தபாலில் அனுப்புகிறவர்கள் கவனிக்க.

பிப்ரவரி 6
சரி, தபால் கிடையாது என்றால் எப்படித்தான் அனுப்புவது? ஆபத்துச் சரக்கு ஏற்க அனுமதி உள்ள கூரியரோ சரக்கு முகவரோ வேண்டும். அவர்களிடமும் சாதாரணக் கணக்கு போதாது, 'டிஜி' கணக்கு என்று தனியாகத் திறக்க வேண்டும். டிஜி என்பது எங்கள் பேச்சில் ஆபத்துச் சரக்கு. அதன்பின் வழிகள் உண்டு.

முழு விதிப்படி அனுப்பினால் ஐ.நா. முத்திரை குத்திய, சோதித்த அட்டைப்பெட்டி, தீச்சுடர் போட்ட சிவப்பு வைர லேபிள், பயிற்சி பெற்றவர் கையெழுத்திட்ட ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன் (உள்ளே இருக்கும் ஆபத்துச் சரக்கு பற்றி அனுப்புநர் தரும் உறுதிமொழித் தாள்), எல்லாம் வேண்டும். நாலு பாட்டிலுக்கு இது யானை விலை.

'லிமிடெட் குவாண்டிட்டி', அதாவது சிறு அளவுகளில் அடைத்த சரக்குக்கான சலுகை, கொஞ்சம் இலகு. முத்திரைப் பெட்டி வேண்டாம், ஆனால் பெட்டி 1.2 மீட்டரிலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், விமானத்துக்கு டிக்ளரேஷனும் வேண்டும். அடையாளம் முனையில் நிற்கும் சதுரம்: மேலும் கீழும் கறுப்பு, நடுவில் வெள்ளை. விமானத்தில் போவதென்றால் அந்த வெள்ளையில் ஒய் என்ற ஆங்கில எழுத்து.

விமானத்துக்கு மட்டும் உள்ள இன்னொன்று ஐடி8000, 'நுகர்வோர் பொருள்'. கடையில் விற்கும்படி அடைத்த சென்ட், நகப்பூச்சு, இப்படிப்பட்டவற்றுக்கு. இதில் வகுப்பு 3 லேபிள் வராது, வகுப்பு 9 வரும்: மேல்பாதியில் கறுப்புக் கோடுகள், கீழே அடிக்கோடிட்ட 9. கூடவே ஒய் போட்ட சதுரம். பெட்டி மொத்தம் 30 கிலோவைத் தாண்டக்கூடாது. பெரிய பிராண்டுகள் இதைத்தான் அதிகம் பிடித்துக்கொள்கின்றன.

பிப்ரவரி 6, இரவு
காலையில் எழுதியதை மறுபடி படித்தேன். பெரிய கம்பெனிக்குச் சொல்வதுபோல இருக்கிறது. மாதம் சில பாட்டில் விற்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியது வேறு: பாட்டில் அளவை மாற்றுங்கள்.

'எக்செப்டட் குவாண்டிட்டி' என்று, இன்னும் சின்ன அளவுக்கு, ஒரு வழி இருக்கிறது. யுஎன்1266 குரூப் 2க்கு ஒரு உள்பாட்டில் 30 மில்லி வரை, ஒரு பெட்டியில் மொத்தம் 500 மில்லி வரை. இதற்குள் அடங்கினால் ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன் தேவையில்லை. ஏர்வே பில்லில் (விமானச் சரக்குச் சீட்டு) ஒரு வரியும் பெட்டி எண்ணிக்கையும் போதும். வகுப்பு 3 லேபிளும் வேண்டாம். பதிலுக்குச் சிவப்புக் கோடுகள் கரைகட்டிய ஒரு சதுர அடையாளம், அதில் வகுப்பு எண்ணும் அனுப்புநர் அல்லது பெறுநர் பெயரும். உங்கள் 50 மில்லி பாட்டில் இந்த வாசலில் நுழையாது. 30 மில்லி நுழையும். ஒரு பெட்டியில் 16 பாட்டில் வைத்தால் 480 மில்லி.

சென்ட் தொழிலுக்கு வருகிறவர்கள் பாட்டிலை அழகு பார்த்து வாங்குகிறார்கள். ஏற்றுமதி மனசில் இருந்தால் இந்த 30ஐயும் பார்த்து வாங்குங்கள். இந்த இழையில் நான் உருப்படியாகச் சொன்னது இதுவாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 7
"அக்கா, 1 மில்லி சாம்பிள் குழாய்க்குமா இதெல்லாம்?"

உள்பாட்டில் 1 மில்லிக்கு மேல் இல்லை, பெட்டியில் மொத்தம் 100 மில்லிக்கு மேல் இல்லை, பெட்டிக்குள் அவை அசையாமல், ஒழுகினால் உறிஞ்ச ஏதாவது வைத்து அடைத்திருக்கிறது என்றால் விமான விதி கிட்டத்தட்ட உங்களை விட்டுவிடுகிறது. கடையில் கிடைக்கும் சாம்பிள் குழாய்கள் பல 2 மில்லி. வாங்கும்போதே பாருங்கள். 2 மில்லிக் குழாயில் பாதி நிரப்பினாலும் ஏற்கிற அதிகாரியிடம் வாதாட வேண்டியிருக்கும், எதற்கு வம்பு.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: எக்செப்டட் குவாண்டிட்டியைக்கூட ஏற்காத கூரியர்கள் உண்டு. விதி அனுமதித்தாலும் கம்பெனி மறுக்கலாம். பெட்டி கட்டுவதற்கு முன் கேளுங்கள், கட்டிய பிறகு கேட்டால் கோபம்தான் மிஞ்சும்.

பிப்ரவரி 8
இனி பெட்டிக்குள். இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன், ஏனென்றால் எங்கள் கிடங்கில் உடைந்த பாட்டிலைவிட ஒழுகிய பாட்டில்தான் அதிகம். முழுசாக, கீறலில்லாமல், கால்வாசி காலியாக வரும். போன மழைக்காலத்தில் ஒரு பெட்டி ரோஜா சென்ட் ஒழுகி, பக்கத்தில் இருந்த மோட்டார் உதிரிபாகங்களெல்லாம் கல்யாண வீடு மாதிரி மணத்தன. உதிரிபாகத்துக்காரர் சிரிக்கவில்லை.

ஒழுகுவது பம்ப் வழியாக. திருகு மூடிப் பம்ப்பை விட, கழுத்தில் அழுத்தி இறுக்கிய கிரிம்ப் பம்ப் நம்பகமானது. திருகு பம்ப்தான் இருக்கிறது என்றால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள், ஸ்பிரே பொத்தான் அமுங்காதபடி மேல்மூடி இறுகி நிற்கட்டும். சாம்பிள் குழாய்களின் பிளாஸ்டிக் அடைப்பான் இன்னும் மோசம், வெறும் உராய்வில் நிற்கிறது. அதற்கும் டேப்போ ஷ்ரிங்க் உறையோ வேண்டும்.

ஏன் பிதுங்குகிறது? பறக்கும் விமானத்தின் சரக்கு அறையில் காற்றழுத்தம் சுமார் 2400 மீட்டர் உயர மலையில் இருப்பது போல. கடல்மட்டத்தில் மூடிய பாட்டிலுக்கு உள்ளும் வெளியும் 25 கிலோபாஸ்கல் வித்தியாசம் வந்துவிடும். விதி கேட்பது அதைவிடக் கடுமை: எரியும் திரவம் குரூப் 2 என்றால் உள்பாட்டில் 95 கிலோபாஸ்கல் வித்தியாசத்தைக் கசியாமல் தாங்க வேண்டும். பாட்டில் விற்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். முழிக்கிறார் என்றால் வேறு கடை.

இன்னொன்று வெப்பம். ஆல்கஹால் சூட்டில் நன்றாகவே விரியும், 20 டிகிரியிலிருந்து 55க்குப் போனால் கிட்டத்தட்ட நூற்றுக்கு நாலு பங்கு. 55 டிகிரியிலும் பாட்டிலுக்குள் இடம் மிஞ்ச வேண்டும் என்பது விதி. கழுத்துவரை ஊற்றி "தாராளமா கொடுக்கிறேன்" என்பவர்கள் கவனிக்க: துபாய் ஓடுதளத்தில் மே மாதம் நிற்கும் பெட்டி உங்கள் தாராளத்தை வெளியே தள்ளிவிடும்.

அடைக்கும் முறை நான் செய்வது இது. பாட்டிலை அதன் அட்டை டப்பாவோடு உறிஞ்சும் தாளில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிப் பூட்டுவேன். அந்தப் பைகளை அறைத்தடுப்பு உள்ள உள்பெட்டியில் நிமிர்த்தி நிறுத்துவேன். உறிஞ்சும் பொருள் ஒரு பாட்டிலின் திரவம் முழுவதையும் குடிக்கும் அளவு இருக்க வேண்டும், இரண்டு டிஷ்யூ சும்மா கண்துடைப்பு. அப்புறம் வெளிப்பெட்டி, ஐந்து அடுக்கு அட்டை. குலுக்கிப் பார்த்தால் சத்தமே வரக்கூடாது. எக்செப்டட் குவாண்டிட்டிக்கு வீழ்ச்சிச் சோதனை 1.8 மீட்டர், லிமிடெட்டை விட உயரம். லேபிளில் சலுகை கொடுத்துவிட்டு அட்டையில் வசூலிக்கிறார்கள்.

பிப்ரவரி 8, பின்குறிப்பு
தெர்மாகோல் உருண்டையை உறிஞ்சும் பொருள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது ஒரு சொட்டும் குடிக்காது. சில வாசனை எண்ணெய்கள் பட்டால் கரைந்தே போகும்.

பிப்ரவரி 9
லேபிள். 10 சென்டிமீட்டர் சதுரம் என்பது வழக்கமான அளவு. லிமிடெட் குவாண்டிட்டி அடையாளத்தை மட்டும், பெட்டி சின்னது என்றால், 5 வரை குறைக்கலாம். விளிம்பில் மடித்து ஒட்டாதீர்கள், ஒரே முகத்தில் முழுசாகத் தெரிய வேண்டும். லேபிள் மேல் டேப் ஒட்டாதீர்கள். வீட்டுப் பிரிண்டரில் அடித்துச் சிவப்பு ரோஸ் நிறமாக வந்த லேபிள்களைப் பார்த்திருக்கிறேன், அதெல்லாம் செல்லாது. எந்தப் பக்கம் மேல் என்று காட்டும் அம்புக்குறி ஒட்டினால் எதிரெதிரான இரண்டு முகங்களில் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்தபடி நிற்கும், அதுதான் நடக்கும்.

பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்துவது நல்ல பழக்கம். ஆனால் செல்போன் பேட்டரி வந்த பெட்டியில் சென்ட்டை வைத்து, பேட்டரி லேபிளைக் கிழிக்காமல் அனுப்பினால் பெட்டி இரண்டு கதை சொல்லும். அப்படி ஒன்று வந்து, உள்ளே பேட்டரி எங்கே என்று தேடுவதிலேயே எங்களுக்கு ஒரு மதியம் போனது. இல்லாத ஆபத்தைக் காட்டும் லேபிளும் தப்பு லேபிள்தான்.

பிப்ரவரி 11
எதிர்பார்த்தது வந்துவிட்டது: "நான் 'ஹேர் ஆயில்' என்று எழுதி நாலு முறை அனுப்பினேன், எல்லாம் போய்ச் சேர்ந்தது. நீங்கள்தான் பயமுறுத்துகிறீர்கள்."

போய்ச் சேர்ந்தது சரி. ஹெல்மெட் இல்லாமல் போகிறவர்களும் வீடு போய்ச் சேருகிறார்கள். உங்கள் பெட்டி போனது பெரும்பாலும் பயணிகள் விமானத்தின் வயிற்றில், மேலே முன்னூறு பேர் உட்கார்ந்திருக்க. லோடர் பெட்டியை எங்கே வைப்பது, எதன் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று முடிவு செய்வது நீங்கள் எழுதியதைப் பார்த்து. அவரிடம் பொய் சொல்லிவிட்டு அவர் கவனமாக இருப்பார் என்று நம்புவது என்ன நியாயம்?

பெரியவர்களும் தப்புவதில்லை. 2016இல் பிரிட்டனில் அமேசானுக்கு 65,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள், லித்தியம் பேட்டரியையும் எரியும் ஏரோசாலையும் முறைப்படி இல்லாமல் விமானத்தில் அனுப்ப முயன்றதற்காக. வழக்குப் போட்டது அந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம்.

பிப்ரவரி 11, கொஞ்ச நேரம் கழித்து
மேலே சூடாக எழுதிவிட்டேன், இருக்கட்டும். ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. விதிப்படி அனுப்ப ஆகும் செலவு சில சமயம் சரக்கின் விலையைவிட அதிகம். டிஜி கட்டணம் பெட்டிக்கு, பாட்டிலுக்கு அல்ல. அதனால் ஒவ்வொரு ஆர்டரையும் தனித்தனியாக அனுப்பாமல் சேர்த்து அனுப்பி, அங்கே ஒருவர் பிரித்துக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்கிறவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள்.

பிப்ரவரி 12
வளைகுடாவிலிருந்து ஒருவர்: ஊருக்கு வரும்போது பையில் எத்தனை சென்ட் கொண்டுவரலாம்?

சொந்த உபயோகத்துக்கு என்றால், ஒரு பாட்டில் அரை லிட்டருக்கு மேல் போகாமல், சென்ட், ஹேர்ஸ்பிரே, மருந்து எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 2 லிட்டர் அல்லது 2 கிலோ. கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் கூடாது என்பது தனிக் கணக்கு. மாமா மச்சான் எல்லோருக்கும் ஆளுக்கொரு பாட்டில் என்றாலும் இதற்குள் அடங்கும். விற்பனைச் சரக்கை இப்படி ஊருக்குப் போகிறவர் பையில் திணிக்க நினைத்தால், அது கஸ்டம்ஸ் பிரச்சினை.

பிப்ரவரி 15
பெட்டி ஜெர்மனி போய்ச் சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். பாட்டில் மேல் உள்ள லேபிள் சரியில்லை என்றால் அங்கே விற்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 விதிப்படி அங்கே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், அவர் பெயரும் முகவரியும் லேபிளில் வர வேண்டும். அளவு, பேட்ச் எண், இந்தியாவில் தயாரானது என்ற குறிப்பு, பொருட்பட்டியல், எச்சரிக்கைகள் ஜெர்மன் மொழியில்.

பட்டியலில் 'பர்ஃபம்' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் ஒளித்துக்கொள்ளலாம் என்பது பழைய காலம். லினலூல், லிமோனீன், சிட்ரால், யூஜினால் போன்ற ஒவ்வாமைப் பொருட்கள் 0.001 சதவீதத்தைத் தாண்டினால் பெயர் சொல்ல வேண்டும். 26 ஆக இருந்த பட்டியலை 2023இல் எண்பதுக்கு மேல் நீட்டிவிட்டார்கள். புதிதாகச் சந்தைக்கு வருபவற்றுக்கு 2026 ஜூலை 31 கெடு. அதில் ஜாதிமல்லிச் சாறும் இருக்கிறது, மதுரைக்காரர் இதைக் குறித்துக்கொள்ளட்டும். லிலியால் என்ற செயற்கை வாசனைப் பொருளுக்கு 2022 மார்ச்சிலிருந்து அங்கே முழுத் தடை. பழைய எண்ணெய் ஸ்டாக் வைத்திருந்தால் சப்ளையரிடம் கேளுங்கள்.

இன்வாய்ஸில் போட வேண்டிய எச்எஸ் எண், அதாவது கஸ்டம்ஸில் சரக்கின் வகையைக் காட்டும் எண், சென்ட்டுக்கு 3303. அத்தியாவசிய எண்ணெய்க்கு 3301. ஊதுபத்தியின் 3307ஐ யாரோ சென்ட்டுக்குப் போட்டிருந்தார்கள், வரி மிச்சமாகும் என்றார்களாம். மிச்சமாகவில்லை.

பிப்ரவரி 20
சிங்கப்பூர் ஆர்டர் பெரிதாகியிருக்கிறது என்கிறார் கேள்வி கேட்டவர். வாழ்த்துகள். அப்படியென்றால் கப்பலைப் பாருங்கள். கடலில் லிமிடெட் குவாண்டிட்டி என்றால் உள்பாட்டில் 5 லிட்டர் வரை போகலாம், பெட்டி 30 கிலோ வரை. உங்கள் 50 மில்லி பாட்டில் எந்தச் சங்கடமும் இல்லாமல் அடங்கும். அடையாளத்தில் ஒய் எழுத்து தேவையில்லை. கன்டெய்னரைப் பலரோடு பங்கிடும் எல்சிஎல் முறையில் எரியும் திரவத்தை எல்லா முகவரும் ஏற்க மாட்டார்கள், ஏற்பவரும் கூடுதல் கட்டணம் கேட்பார். இருந்தாலும் விமானத்தோடு ஒப்பிட்டால் மலிவு.

பிப்ரவரி 20
ஆமாம், 30 மில்லிக்கு மாறச் சொன்னவள் நான்தான். அது விமானத்துக்கு. இரண்டு அளவும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 26
கடைசியாக ஒருவர் கேட்டது யாருக்கும் தோன்றாத கேள்வி: வாங்கியவர் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால்?

திருப்பி அனுப்பும்போது ஷிப்பர், அதாவது அனுப்புநர், அவர். இங்கே நீங்கள் பார்த்த அத்தனை விதியும் அங்கே அவருக்கு, அவரிடமோ டிஜி கணக்கும் இல்லை, பயிற்சியும் இல்லை. அவர் பக்கத்துத் தபால் நிலையத்தில் போடுவார், பிடிபடுவார், உங்களுக்கு ஒரு நட்சத்திரம் போடுவார். விற்பனைப் பக்கத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்: சென்ட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம், குறை இருந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பணத்தைத் தருகிறோம், அல்லது உங்கள் ஊரில் இருக்கும் எங்கள் ஆளிடம் கொடுங்கள். பாட்டில் வாங்குவதற்கு முன் ஒரு 1 மில்லி சாம்பிள் அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே குறைவு.